லேப்டாப் ஏன் இரைகிறது?

போன செமஸ்டரில் புராஜெக்ட் ரிப்போர்ட் அடித்துக்கொண்டிருந்தபோது என் லேப்டாப் இரைந்து இரைந்து, கடைசியில் தானாகவே அணைந்துவிட்டது. அம்மா பீடி சுற்றிய காசில் தென்காசியில் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. "ஏய்யா, அருவியில தண்ணி விழுற மாதிரில்லா இரையுது!" என்று அம்மா முதல் நாளே சொன்னார்கள். நான்தான் கவனிக்கவில்லை.

பிராசஸருக்குள்ளேயே வெப்பத்தை அளக்கும் சென்சார் இருக்கிறது. மதர்போர்டிலுள்ள 'எம்பெடட் கன்ட்ரோலர்' என்னும் சிப் அந்த அளவைப் பார்த்து ஃபேனை இயக்குகிறது. நான்கு ஒயர் ஃபேனில் இரண்டு ஒயர் சப்ளைக்கு. மூன்றாவதன் வழியாக ஃபேன் தன் வேகத்தைத் திருப்பிச் சொல்லும். வழக்கமாக ஒரு சுற்றுக்கு இரண்டு பல்ஸ். நான்காவதில் வருவதுதான் நாம் பாடத்தில் படித்த பி.டபிள்யூ.எம். சிக்னல். பெரும்பாலும் நொடிக்கு 25,000 தடவை ஆன்-ஆஃப் ஆகும். ஆன் நேரம் கூடினால் வேகம் கூடும். ஏன் 25,000? 20,000-க்கு மேல் நம் காதுக்குக் கேட்காதே!

இன்னொரு தந்திரமும் உண்டு. 60 டிகிரியில் கிளம்பும் ஃபேன் 59-ல் நிற்காது. 52 வரை இறங்கியபிறகுதான் நிற்கும் என்பதுபோல் இடைவெளி வைத்திருப்பார்கள். இல்லையென்றால் ஓடுவதும் நிற்பதுமாகத் துடித்துக்கொண்டே இருக்கும்.

பிராசஸரின் சூட்டை ஃபேனிடம் கொண்டுபோவது ஒரு செம்புக் குழாய். உள்ளே கொஞ்சம் நீர். சூடான முனையில் ஆவியாகி, மறுமுனையில் குளிர்ந்து மீண்டும் நீராகும். கடலில் எழுந்த ஆவி மலையில் குளிர்ந்து குற்றாலத்துச் சாரலாக இறங்கும் அதே பாடம்தான்.

நான் முதலில் ஃபேன் வேகத்தைக் கூட்டும் சாஃப்ட்வேரைப் போட்டு இரண்டு நாளை வீணாக்கினேன். ஏற்கெனவே முழு வேகத்தில் ஓடுவதை இன்னும் எப்படி ஓட்டுவது? கழற்றிப் பார்த்தால், காற்று வெளியேறும் தகடுகளுக்கிடையே கம்பளி மாதிரி தூசி. பாதி புகையிலைத் தூள். பீடித் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துப் படித்தால் வேறென்ன ஆகும்? கன்ட்ரோலருக்கு வெப்பம்தான் தெரியும், தூசி தெரியாது. சுமார் 100 டிகிரியை நெருங்கினால் பிராசஸர் தன் வேகத்தைக் குறைக்கும். அப்படியும் அடங்காவிட்டால் சப்ளை நின்றுவிடும். இதே தூசியில்தான் அம்மா இருபது வருஷமாக உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது.

சுத்தம் செய்யும்போது பேட்டரி கனெக்டரைக் கழற்றிவிடுங்கள். ஊதும்போது ஃபேன் சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். தாறுமாறாகச் சுழன்றால் பேரிங் போய்விடும். ஹீட் சிங்க்கைக் கழற்றினால் பழைய பேஸ்ட்டைத் துடைத்துப் புதிது தடவவேண்டும். பாய், தலையணை மேல் வைத்தால் அடியிலுள்ள காற்றுத் துளை அடைபடும்.

ரிப்போர்ட்டை ஒரு நாள் தாமதமாகத்தான் கொடுத்தேன். இப்போது லேப்டாப் ஜன்னலோர பெஞ்சில். அம்மாவின் தட்டு காற்றோட்டமான திண்ணையில்.