அரிசி மணி அளவு வண்டு, அதன் வாய்க்குள் பூஞ்சை

லாட்ஜ்போல் பைன் மரம் 20 மீட்டருக்கு மேல் வளரும். அதைக் கொல்லும் மலைப் பைன் வண்டின் நீளமோ சுமார் 5 மில்லிமீட்டர், அதாவது ஓர் அரிசி மணி. வட அமெரிக்காவின் மேற்கு மலைக் காடுகளில் இது வாழ்கிறது. இவ்வளவு சிறிய பூச்சி எப்படி மரத்தைக் கொல்லும் என்று வகுப்பில் கேட்டால், "தின்றே தீர்த்துவிடும், டீச்சர்" என்பார்கள். பாதி சரி.

பைன் மரம் சும்மா இருப்பதில்லை. வண்டு பட்டையைத் துளைத்ததும் அங்கே பிசினைச் சுரக்கும். வண்டு அதில் சிக்கிச் சாகும். ஆகவே தனி ஒரு வண்டால் நல்ல மரத்தை வெல்ல முடியாது. முதலில் வரும் பெண் வண்டு, பிசினில் உள்ள ஒரு பொருளையே தன் உடலில் மாற்றி மணமாக வெளியிடுகிறது. அது மற்ற வண்டுகளுக்கு அழைப்பு. நூற்றுக்கணக்கில் வந்து துளைத்தால், மரத்தின் பிசின் எத்தனை துளைகளுக்குப் போதும்?

வண்டின் வாயுறுப்பில் நுண்ணிய பைகள் உள்ளன. பூஞ்சையின் வித்துகள் அவற்றில் பயணம் செய்கின்றன. துளைக்குள் முளைத்த பூஞ்சை, நீரைக் கடத்தும் மரப்பகுதிக்குள் இழைகளைப் பரப்புகிறது. நீர் மேலேறுவது தடைப்படுகிறது. மரம் உள்ளே நீலச்சாம்பல் நிறமாவதால் இதை நீலக்கறைப் பூஞ்சை என்கிறோம். இவற்றுள் குரோஸ்மேனியா கிளாவிஜெரா என்ற இனம், வண்டுக்கு நஞ்சான பிசின் பொருள்களையே உணவாக்கிக்கொள்ள வல்லது! இதற்கிடையே புழுக்கள் உணவைக் கடத்தும் உட்பட்டையைத் தின்கின்றன. மரத்துக்கு நீரும் இல்லை, உணவும் இல்லை.

வண்டுக்கு என்ன லாபம்? உட்பட்டையில் நைட்ரஜன் மிகக் குறைவு. பூஞ்சை அதை மரத்திலிருந்து சேர்த்துத் தருகிறது. கூட்டுப்புழு அறையிலிருந்து வெளிவரும் இளம் வண்டு, சுவரில் படர்ந்த வித்துகளைத் தின்றுவிட்டுத்தான் புறப்படும். அப்போதே வாயின் பைகளும் நிரம்பிவிடுகின்றன.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1990களில் தொடங்கிய தாக்குதல் 18 மில்லியன் ஹெக்டர் காட்டைப் பாதித்தது. தீபகற்ப மலேசியாவே அதைவிடச் சிறியது. முன்பு உறைநிலைக்குக் கீழே 40 பாகை செல்சியஸ் வரை இறங்கும் குளிர் புழுக்களைக் கொன்றுவந்தது. குளிர்காலம் மிதமானதால் அவை பிழைத்துக்கொண்டன. 2006இல் பெருங்கூட்டமாக ராக்கி மலைகளைத் தாண்டி ஆல்பர்ட்டாவுக்குள்ளும் பறந்தன.

தாக்கப்பட்ட மரத்தின் ஊசியிலைகள் அடுத்த ஆண்டுதான் சிவக்கும். அந்தக் கோடையிலேயே வண்டுகள் வேறு மரத்துக்குப் போய்விடும். அதனால் வனத்துறையினர் சிவந்த மரத்தை வானிலிருந்து அடையாளம் கண்டபின், தரையில் இறங்கி அதைச் சுற்றிப் பச்சையாக நிற்கும் மரங்களின் பட்டையில் பிசின் கட்டிகளையும், அடியில் மரத்தூளையும் தேடுகிறார்கள்.