வழியும் ஊர்தியும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கே, ஆனைமலைக்கும் பழனிமலைக்கும் அணித்தாக அமைந்துள்ள ஊர் உடுமலைப்பேட்டை. இதற்கு மேற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் பொள்ளாச்சியும், கிழக்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில் பழனியும் உள்ளன. கோயம்புத்தூரும் திருப்பூரும் ஏறக்குறைய 70 கிலோமீட்டர் தொலைவில் இருக்கின்றன. தெற்கே செல்லும் சாலை சின்னாற்றைக் கடந்து மூணாற்றுக்கு ஏறுகின்றது. இவ்வாறு பல திசைச் சாலைகள் கூடும் இடமாதலின், இவ்வூர் மக்களுக்குப் பயணம் என்பது என்றோ ஒருநாள் நிகழும் செயல் அன்று. அன்றாட வாழ்வின் ஒரு கூறே ஆகும். பின்னலாடைத் தொழிற்சாலைக்குச் செல்லும் தொழிலாளியும், கல்லூரிக்குச் செல்லும் மாணவியும், தேங்காய்க்கு விலை பேசச் செல்லும் உழவரும், மருத்துவம் நாடிக் கோயம்புத்தூருக்குச் செல்லும் முதியவரும் நாள்தோறும் இச்சாலைகளில் செல்கின்றனர். இவர்கள் அனைவரும் பலரோடு கூடிப் பஸ்ஸில் செல்வதா, தனித்தனியே காரில் செல்வதா என்பது, தோற்றத்தில் சிறிய வினாவேயாயினும், ஆராய்ந்து பார்க்குமிடத்துப் பெரியதொரு வினாவாக விரிகின்றது.

கொங்கு நாட்டு வழிகள் மிகப் பழைமையானவை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேலைக் கடற்கரைக்கும் உள்நாட்டிற்கும் இடையே பண்டு வாணிகம் நடைபெற்றது. பொள்ளாச்சி, வெள்ளலூர் முதலிய இடங்களில் கிடைத்துள்ள உரோமானியக் காசுகள் அதற்குச் சான்று பகர்கின்றன. பிற்காலத்தில் காங்கேயம் காளைகள் பூட்டிய வண்டிகள் இவ்வழிகளில் சரக்கையும் மக்களையும் சுமந்து சென்றன. பழனிக்குச் செல்லும் அடியார்கள் காவடி தாங்கிக் கால்நடையாகவே சென்றனர். தைப்பூசக் காலத்தில் இன்றும் அவ்வாறு செல்வோர் பலர். வண்டி உடையவர் வண்டியிலும், இல்லாதவர் நடந்தும் சென்ற அந்நாளில், ஒருவருடைய பயணத்தின் எல்லையை வகுத்தது அவருடைய செல்வமே எனலாம்.

இந்நிலையை முதலில் மாற்றியது புகைவண்டி. போத்தனூரிலிருந்து பொள்ளாச்சி வரையில் 1915-ஆம் ஆண்டில் இருப்புப்பாதை அமைந்தது. ஆயினும், பொள்ளாச்சியிலிருந்து உடுமலைப்பேட்டை, பழனி வழியாகத் திண்டுக்கல்லை அடையும் பாதை 1928-ஆம் ஆண்டில்தான் திறக்கப்பெற்றது. இடைப்பட்ட 13 ஆண்டுகளில், பொள்ளாச்சியில் புகைவண்டியை விட்டு இறங்கியவர் கிழக்கே செல்லச் சாலையையே நம்பியிருந்தனர். அக்காலத்தில் அச்சாலையில் புதியதோர் ஊர்தி ஓடத் தொடங்கியது.

அதனை ஓட்டியவர், கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் 1893-ஆம் ஆண்டில் பிறந்த கோ. துரைசாமி நாயுடு. ஜி. டி. நாயுடு என மக்கள் அழைக்கும் அவர், பள்ளிப்படிப்பில் நாட்டம் கொள்ளாதவர். ஆனால் பொறிகளின் இயல்பை அறிவதில் தணியாத வேட்கை உடையவர். வெள்ளையர் ஒருவர் ஊர்ந்து வந்த மோட்டார் சைக்கிளைக் கண்டது முதல், அத்தகைய வண்டியைத் தாமும் பெற வேண்டும் என்று உறுதி பூண்டார். கோயம்புத்தூரில் ஓர் உணவு விடுதியில் பணியாற்றிப் பொருள் சேர்த்து அதனை வாங்கினார். வாங்கியதனைப் பகுதி பகுதியாகக் கழற்றி, மீண்டும் பூட்டி, அதன் நுட்பங்களை உணர்ந்தார். பின்னர், சர் இராபர்ட் ஸ்டேன்ஸ் என்னும் தொழிலதிபரின் துணைகொண்டு 1920-ஆம் ஆண்டில் ஒரு பஸ்ஸை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். உடுமலைப்பேட்டை அவ்வழியின் நடுவே உள்ள ஊர். அந்த ஒரு வண்டியே பின்னர் யூனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்னும் பெரிய நிறுவனத்திற்கு வித்தாயிற்று.

பஸ் செய்த மாற்றம் விரைவு மட்டும் அன்று. அதற்கு முன்னர் மோட்டார் வண்டி தோட்ட முதலாளிகளுக்கும் பெருநிலக்கிழார்களுக்குமே உரியதாக இருந்தது. ஒரு வண்டியின் விலையை ஏழை உழவர் ஒருவர் தம் வாழ்நாள் முழுவதும் உழைத்தாலும் கொடுக்க இயலாது. ஆயின், அவ்வண்டியில் ஓர் இருக்கையை ஒரு மணி நேரத்திற்குப் பெறும் சிறு கட்டணத்தை அவரால் கொடுக்க இயலும். பலர் கூடிப் பகிர்ந்துகொள்ளும்போது, ஒருவர்க்கும் எட்டாத பொருள் எல்லார்க்கும் எட்டுகின்றது. பஸ்ஸின் அடிப்படை இவ்வெளிய உண்மையே ஆகும்.

பொள்ளாச்சியில் நாச்சிமுத்துக் கவுண்டர் தொடங்கிய ஆனைமலை பஸ் போக்குவரத்து நிறுவனமும் இவ்வட்டாரத்தில் 1930-களில் தோன்றி வளர்ந்தது. இரண்டாம் உலகப்போரின்போது பெட்ரோலுக்குக் கடுந்தட்டுப்பாடு ஏற்பட்டது. தமிழ்நாட்டுப் பஸ்கள் பல, பின்புறத்தில் அடுப்புப் போன்ற கலத்தைச் சுமந்து, மரக்கரியிலிருந்து எழும் வாயுவினால் ஓடின. 1972-ஆம் ஆண்டில் பெரிய தனியார் பஸ் நிறுவனங்கள் அரசுடைமை ஆயின. கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்டு சேரன் போக்குவரத்துக் கழகம் தோன்றியது. அது பின்னர்த் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பகுதியாயிற்று. வருவாய் மிகுந்த வழிகளில் மட்டுமன்றி, வருவாய் குறைந்த சிற்றூர்களுக்கும் பஸ்ஸை விடுதல் வேண்டும் என்னும் பொறுப்பு அரசுக் கழகங்களுக்கு உண்டு. மாணவர்களுக்குக் கட்டணமில்லாப் பயணச்சீட்டு வழங்குதலும் அப்பொறுப்பைச் சார்ந்ததே. சிற்றூர்ப் பெண்மக்கள் பலர் உயர்நிலைப்பள்ளியையும் கல்லூரியையும் எட்டியதற்கு, காலையில் தவறாமல் வந்த பஸ்ஸும் ஒரு காரணம் என்பதை மறுக்க இயலாது.

இனி, காரின் வரலாற்றைக் காண்போம். பஸ்ஸினால் உயர்ந்த அதே துரைசாமி நாயுடு, எளியவரும் வாங்கத்தக்க சிறு கார் ஒன்றையும் உருவாக்க முயன்றார் என்பது வியப்பளிக்கும் செய்தி. இருவர் அமரத்தக்கதும், 2,000 ரூபாய் விலையில் விற்கத்தக்கதுமான அக்கார் 1952-ஆம் ஆண்டில் உருப்பெற்றது. ஆனால் உரிமம் கிடைக்காமையால் அம்முயற்சி தொடரவில்லை. அதன்பின் பல்லாண்டுக்காலம் இந்தியாவில் அம்பாசிடர், பிரீமியர், ஸ்டாண்டர்டு எனச் சிலவகைக் கார்களே கிடைத்தன. பணம் கட்டிப் பதிவு செய்தவர்கூடக் காருக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. 1983-ஆம் ஆண்டின் இறுதியில் மாருதி 800 வெளிவந்தது; 1991-க்குப் பின்னர்ப் பிறநாட்டு நிறுவனங்கள் பலவும் இங்கே கார் செய்யலாயின. மாதத் தவணையில் கடன் பெறும் வாய்ப்பும் பெருகியது. முன்னாளில் ஊருக்கு ஒன்றிரண்டாக இருந்த கார், இந்நாளில் தெருவுக்குப் பலவாகப் பெருகிவிட்டது.

காரின் பயன்களைக் குறைத்துக் கூறுதல் நேர்மை ஆகாது. பஸ் நிலையத்திலிருந்து பஸ் நிலையத்திற்கே பஸ் செல்லும். காரோ வாயிலிலிருந்து வாயிலுக்குச் செல்லும். நள்ளிரவில் நெஞ்சுவலியால் துடிக்கும் நோயாளியையும், மகப்பேற்றுக்காகச் செல்லும் பெண்ணையும் பஸ்ஸுக்காகக் காத்திருக்கச் சொல்வது முறையன்று. படியேற இயலாத முதியோர்க்கும், கைக்குழந்தையோடு மூட்டை முடிச்சுகளையும் சுமந்து செல்லும் குடும்பத்தார்க்கும் கார் பெருந்துணை. ஒரே நாளில் நான்கு ஊர்களுக்குச் சென்று திரும்ப வேண்டிய வணிகர்க்கு அது தொழிற்கருவியே ஆகும். ஐவர் கொண்ட குடும்பம் ஒரே காரில் செல்லும்போது ஆளொன்றுக்கு ஆகும் செலவும் மிகுதியன்று.

ஆனால், ஐவர்க்கென அமைந்த காரில் ஒருவர் மட்டும் நாள்தோறும் செல்லும்போது கணக்கு வேறாகின்றது. உடுமலைப்பேட்டையிலிருந்து கோயம்புத்தூருக்குச் செல்லும் 70 கிலோமீட்டர்ப் பயணத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் எரிபொருளுக்கு 14 கிலோமீட்டர் ஓடும் காருக்கு 5 லிட்டர் வேண்டும். லிட்டருக்கு 5 கிலோமீட்டர் ஓடும் பஸ்ஸுக்கு 14 லிட்டர் வேண்டும். பஸ்ஸில் 50 பேர் செல்வராயின், ஒருவர்க்கு ஆகும் எரிபொருள் 280 மில்லிலிட்டர் மட்டுமே. காரில் தனியே செல்பவர் ஏறத்தாழ அதன் 18 மடங்கைச் செலவிடுகின்றார். இந்தியா தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் பிறநாடுகளிலிருந்து வாங்குவதை நினைக்கும்போது, இது தனியொருவரின் செலவு மட்டும் அன்று என்பது விளங்கும். வண்டி விலை, கடன் வட்டி, காப்பீடு, டயர், பழுதுபார்ப்பு ஆகியவை இக்கணக்கில் சேரவில்லை. நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் ஓடும் கார், எஞ்சிய 22 மணி நேரமும் வாளா நிற்கின்றது. நிற்கும் காருக்கும் வட்டி ஓடிக்கொண்டே இருக்கின்றது.

சாலையும் அளவற்றது அன்று. பஸ்ஸில் செல்லும் 50 பேரும் காருக்கு இருவராகச் செல்லத் தொடங்கினால் 25 கார்கள் வேண்டும். அவை ஒன்றையொன்று ஒட்டி நின்றாலும் ஏறத்தாழ 100 மீட்டர் நீளத்தை அடைக்கும்; ஒரு பஸ் அடைப்பதோ ஏறத்தாழ 12 மீட்டரே. சாலையை அகலப்படுத்தினால் நெரிசல் தீரும் என்பர் சிலர். கிராமப்புறத்தில் அது ஓரளவு இயலும். கடைகளும் வீடுகளும் நெருங்கிய நகரின் நடுவே எங்ஙனம் இயலும்? மேலும், வண்டிகள் பெருகப் பெருக விபத்துகளும் பெருகுகின்றன. 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 1,68,000-க்கும் மேற்பட்டோர் சாலை விபத்துகளில் உயிரிழந்தனர். நாள் முழுவதும் தொழில்பார்த்துக் களைத்தவர் இரவில் தாமே காரை ஓட்டி வருதல் பெருந்தீங்கிற்கு இடந்தரும்; பஸ்ஸில் வருபவர் கண்ணயர்ந்தாலும் கேடில்லை.

இவற்றினும் ஆழ்ந்து எண்ணத்தக்கது மற்றொன்று உண்டு. பஸ்ஸிலும் குறைகள் பல. குறித்த நேரத்தில் வாராமை, நிற்க இடமில்லாத நெரிசல், மாலைக்குப்பின் நடைகள் அருகுதல், ஊருக்குள் செல்லாமல் புறவழியில் இறக்கிவிடுதல் ஆகியவற்றால் மக்கள் வெறுப்புறுகின்றனர். வசதி உடையோர் காரை வாங்கிக்கொண்டு விலகுகின்றனர். ஏறுவோர் குறைந்தால் வருவாய் குறையும். வருவாய் குறைந்தால் நடைகள் குறையும். நடைகள் குறைந்தால் எஞ்சியவரும் இருசக்கர வண்டியையோ வேறொன்றையோ நாடுவர். இறுதியில் பஸ்ஸை நம்பி நிற்பவர் யாவர்? கார் வாங்க இயலாதவரும், ஓட்ட இயலாதவருமே அன்றோ? பள்ளிச் சிறுவரும், முதிய பெண்டிரும், கண்பார்வை குன்றியோரும், நாட்கூலி பெறுவோரும் அவர்களுள் அடங்குவர். குறையை எடுத்துரைக்கும் ஆற்றலும் செல்வாக்கும் உடையோர் முன்னரே விலகிச் சென்றுவிட்டமையால், எஞ்சி நிற்போர் குரல் எட்டவேண்டிய செவிகளை எட்டுவதில்லை. ஒருவர் தம் வசதிக்காகச் செய்யும் செயல், அவர் அறியாமலே மற்றொருவரின் வழியை அடைத்துவிடுகின்றது.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. திருப்பூர் வட்டாரத்துப் பின்னலாடை நிறுவனங்கள் பல, சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து தொழிலாளரை ஏற்றிவரத் தாமே வேன்களையும் பஸ்களையும் ஓட்டுகின்றன. செல்லும் இடமும் நேரமும் ஒன்றாயின், பலர் கூடிச் செல்வதே சிக்கனம் என்பதை இவை காட்டுகின்றன. தமிழர் பலர் வாழும் சிங்கப்பூர், சிறு தீவாதலின், 1990-ஆம் ஆண்டு முதல் கார்களின் எண்ணிக்கைக்கு வரம்பு வகுத்தது. ஆனால் அது காரைத் தடுத்ததோடு அமையவில்லை. நகர இரயிலையும் பஸ்ஸையும் நம்பத்தக்கவையாக வளர்த்தது. நல்ல பஸ்ஸைத் தாராமல் காரை மட்டும் பழித்தல் பயன் தாராது என்பது அந்நாடு புகட்டும் பாடம்.

ஆதலின், காரும் பஸ்ஸும் ஒன்றற்கொன்று பகை அல்ல. ஒவ்வொன்றற்கும் உரிய இடம் உண்டு. நோயும் அவசரமும் இரவும் சுமையும் கூடிய வேளையில் கார் வேண்டும். தனியொருவராய், பகற்பொழுதில், பஸ் மிகுந்த நெடுஞ்சாலையில் செல்லும்போது பஸ்ஸே போதும். காரில் செல்ல நேர்ந்தால், அதே வழியில் செல்லும் அண்டை வீட்டாரையும் உடன் அழைத்துச் செல்லலாம். போக்குவரத்துக் கழகமோ, பஸ் குறித்த நேரத்தில் வரும் என்னும் நம்பிக்கையை மக்கள் உள்ளத்தில் நிலைநிறுத்த வேண்டும். அந்நம்பிக்கையே எந்தக் காரினும் சிறந்த ஊர்தி.

சாலை எல்லார்க்கும் பொது. அதனை அமைக்க எல்லாரும் வரி செலுத்துகின்றனர். அதன்மேல் செல்லும் உரிமையும் எல்லார்க்கும் பொதுவாதல் வேண்டும். 1920-ஆம் ஆண்டில் பொள்ளாச்சிச் சாலையில் ஓடிய பஸ், சொந்த வண்டி இல்லாதவர்க்கும் கட்டணம் செலுத்திப் பயணம் செய்யும் வாய்ப்பைத் தந்தது. வசதி பெருகிய இக்காலத்தில் அவ்வாய்ப்புச் சுருங்கிவிடாமல் காத்தல், காரை உடையவர் இல்லாதவர் ஆகிய இருசாரார்க்கும் உரிய கடமையாகும்.