ஐந்து வேளை மாத்திரை தாங்குமா?

என் மாமியாருக்கு வயது 68. முதுகில் அக்கி. அசைக்ளோவிர் 800 மி.கி. மாத்திரையை நாளுக்கு ஐந்து வேளை, ஏழு நாள் கொடுக்கச் சொல்கிறார் டாக்டர். உடம்பு தாங்குமா? நடுராத்திரியில் எழுப்பிக் கொடுக்கணுமா?
– வாசகி, கும்பகோணம்

பயப்படாதீர்கள் சகோதரி, அக்கிக்கு வழக்கமான அளவே இதுதான். இந்த மருந்து ரத்தத்தில் வெகுநேரம் தங்காது. அதனால்தான் ஐந்து வேளை. தூக்கத்தைக் கெடுக்க வேண்டாம். காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10 என்று கொடுங்கள். சாப்பாட்டுக்கு முன்னா, பின்னா என்ற கவலையும் வேண்டாம். கொப்புளம் கிளம்பிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம், இன்றே ஆரம்பியுங்கள்.

மறக்கக் கூடாதது தண்ணீர். மருந்து சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. ஒவ்வொரு மாத்திரைக்கும் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர், இடையிடையே மோரும் கொடுங்கள். சிறுநீரகக் கோளாறு உண்டென்றால் முதல் மாத்திரைக்கு முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள், அளவைக் குறைப்பார். வலிக்கென்று கடையில் டைக்ளோஃபினாக் வாங்கித் தராதீர்கள். அதுவும் சிறுநீரகத்தைப் படுத்தும்.

ஒரு வேளை தவறினால் நினைவு வந்ததும் கொடுக்கலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள். இரண்டாகச் சேர்த்துக் கொடுக்கக் கூடாது. கொப்புளம் சீக்கிரமே வாடினாலும் ஏழு நாளும் முடிக்க வேண்டும்.

பேச்சு குழம்பினாலோ, சிறுநீர் குறைந்தாலோ உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். யாராவது செம்மண் பூசி அக்கி எழுதச் சொன்னால் அன்போடு மறுத்துவிடுங்கள். உடைந்த கொப்புளத்தில் செம்மண் பட்டால் சீழ் பிடிக்கும்.