செட்டை மாற்றும் முன் ஒயரைப் பாருங்கள்

பழைய காரில் சென்ட்ரல் லாக் மக்கர் செய்கிறது என்று யாராவது வந்தால், பல கடைகளில் வண்டியைத் தொடும் முன்பே பதில் வந்துவிடுகிறது: "புது செட்டு போட்டுடலாம் சார்." செட்டு மாற்ற ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்தால் போதும். கோளாறு எந்த இடத்தில் என்று கண்டுபிடித்துச் சொல்வதற்குத்தான் ஆட்டோ எலக்ட்ரீஷியன் வேண்டும். ஐ.டி.ஐ. முடித்துப் பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருப்பவர்கள் சீக்கிரம் பெயர் வாங்க நல்ல வேலை இது. ஒரு டெஸ்ட் லாம்ப், ஒரு மல்டிமீட்டர், சால்டரிங் அயர்ன், கொஞ்சம் பொறுமை. பெரிய ஸ்கேனர் எதுவும் தேவைப்படாது.

முதலில் காரில் இருப்பது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். மாருதி 800, ஜென், முதல் சான்ட்ரோ, இண்டிகா போன்றவற்றின் விலை குறைந்த மாடல்களில் சென்ட்ரல் லாக் கம்பெனியிலிருந்தே வரவில்லை. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு மாதிரியான இடங்களில் வெளியே வாங்கிப் பொருத்தியதுதான் அதிகம். அதன் அமைப்பு எளிது. நான்கு கதவுகளுக்குள்ளும் ஒவ்வொரு லாக் மோட்டார், டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு யூனிட், கூடவே ஒரு பியூஸ். டிரைவர் கதவு மோட்டாருக்கு ஐந்து ஒயர், மற்ற மூன்றுக்கும் இரண்டிரண்டு ஒயர். ஐந்தில் இரண்டு மோட்டாரைச் சுழற்றுபவை. மீதி மூன்றும் அதற்குள் இருக்கும் சின்ன ஸ்விட்சுக்குப் போகின்றன. டிரைவர் பூட்டினாரா, திறந்தாரா என்று யூனிட்டுக்குச் சொல்வது அந்த ஸ்விட்ச்தான். இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

வேலையைத் தொடங்கும் முன் டிரைவர் பக்கக் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டுச் சாவியைச் சட்டைப் பைக்குள் போடுங்கள். பழுதான லாக் எப்போது தானாகப் பூட்டும் என்று யாராலும் சொல்ல முடியாது. சாவி உள்ளே மாட்டிக்கொண்டால் வாடிக்கையாளர் முன்னால் தலைகுனிய வேண்டிவரும்.

அடுத்து கேள்விகள். "எந்தக் கதவுண்ணே? எப்பவுமே இப்படியா, மழையில மட்டுமா? சாவி போட்டா பூட்டுதா, ரிமோட்டுக்கு மட்டும் பூட்டலையா? சமீபத்துல டிங்கர் வேலை, கண்ணாடி வேலை ஏதாவது பார்த்தீங்களா?" இந்த நான்குக்கும் வரும் பதிலை ஜாப் கார்டில் எழுதுங்கள். கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். டோர் பேடை ஒருமுறை கழற்றி மாட்டிய கதவில்தான் ராடு கிளிப் விட்டிருக்கும், கப்ளர் சரியாக உட்கார்ந்திருக்காது.

டிரைவர் கதவின் லாக் நாபைக் கையால் அழுத்தினால் நான்கும் பூட்டுகின்றன, ரிமோட்டுக்கு மட்டும் அசையவில்லை என்றால் ரிமோட் பேட்டரியைப் பாருங்கள், அதற்குப் பிறகு ரிசீவரை. கதவைத் திறக்கவே வேண்டாம். நான்குமே செத்துக் கிடந்தால் பியூஸ், யூனிட்டுக்கு வரும் லைன், எர்த் என்ற வரிசையில் போங்கள். ஒரு கதவு மட்டும் முரண்டு பிடித்தால் கோளாறு அந்தக் கதவிலோ அதற்குப் போகும் ஒயரிலோதான். மூன்று கதவு பூட்டும்போது ஒன்று மட்டும் திறந்தால் யாரோ அந்த மோட்டாரின் இரண்டு ஒயர்களை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். அவற்றை இடம் மாற்றிக் கொடுத்தால் முடிந்தது.

கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டியது வேறொரு கோளாறு. நான்கும் "டக்" என்று பூட்டி, அடுத்த நொடியே "டக்" என்று திறந்துவிடும். யூனிட் போய்விட்டது என்று பலர் தூக்கி எறிவது இங்கேதான். பெரும்பாலும் யூனிட் மேல் தப்பே இருக்காது. டிரைவர் கதவு மோட்டாரின் ராடை லாக் ராடோடு சேர்க்கும் கிளாம்ப் ஸ்க்ரூ லூசாகியிருக்கும். ராடு முழு தூரம் போகாமல் பாதியில் நிற்கும். உள்ளே இருக்கும் ஸ்விட்ச் "இன்னும் திறந்துதான் இருக்கிறது" என்று சொல்ல, யூனிட் அதை நம்பி எல்லாவற்றையும் திறந்துவிடும். ராடைச் சரியான இடத்தில் வைத்து ஸ்க்ரூவை முடுக்குங்கள். பிறகும் அப்படியே இருந்தால் மல்டிமீட்டரை பீப் சத்தத்தில் வைத்து ஸ்விட்சின் மூன்று ஒயர்களைச் சோதியுங்கள். ராடு மேலே இருக்கும்போது பொது ஒயருக்கும் ஒரு ஒயருக்கும் இடையே பீப் வர வேண்டும், கீழே வந்ததும் மற்றொன்றோடு வர வேண்டும். பல செட்டுகளில் கறுப்பு பொது, வெள்ளையும் பிரவுனும் மற்ற இரண்டு. ஆனால் நிறத்தை நம்பி ஒயரை வெட்டாதீர்கள், மீட்டர் சொல்வதை நம்புங்கள்.

பழைய கார்களில் நான் முதலில் சந்தேகப்படும் இடம் கதவுக்கும் பாடிக்கும் நடுவே இருக்கும் ரப்பர் பூட். கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அதற்குள் இருக்கும் ஒயர்கள் மடிந்து நிமிர்கின்றன. அதிகம் திறப்பது டிரைவர் கதவு, அதிகம் அறுவதும் அங்கேதான். ரப்பர் பூட்டை ஒரு பக்கம் கழற்றிப் பின்னால் தள்ளி, ஒவ்வொரு ஒயராக மெல்ல இழுத்துப் பாருங்கள். நல்ல ஒயர் இழுபடாது. மேல் உறை மட்டும் ரப்பர் போல நீண்டு கொடுத்தால் உள்ளே செம்பு அறுந்துவிட்டது. வெளியே பார்த்தால் கீறல்கூட இருக்காது. கதவைப் பாதி திறந்து வைத்தால் வேலை செய்கிறது, முழுக்கத் திறந்தால் நிற்கிறது என்று வாடிக்கையாளர் சொன்னால் தேட வேண்டிய இடம் இதுதான்.

மல்டிமீட்டரை மட்டும் நம்புகிறவர்கள் ஏமாறுவதும் இங்கேதான். பத்து இழை அறுந்து ஒரே இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் என்று காட்டும், ஏனென்றால் மீட்டர் இழுக்கும் கரண்ட் மிகக் குறைவு. லாக் மோட்டாருக்குச் சில ஆம்பியர் வேண்டும். அதனால் மோட்டாரின் இரண்டு ஒயர்களுக்கு நடுவே 21 வாட் இண்டிகேட்டர் பல்ப் ஒன்றைக் கொடுத்து, பூட்டியும் திறந்தும் பாருங்கள். அது ஏறக்குறைய 1.75 ஆம்பியர் இழுக்கும். இரண்டு முறையும் பளிச்சென்று மின்னினால் ஒயரிங் சரி, மோட்டாரைத்தான் பார்க்க வேண்டும். மங்கலாக மின்னினால் ஒயரிலோ எர்த்திலோ கோளாறு. பூட்டும்போது மட்டும் மின்னித் திறக்கும்போது மின்னாவிட்டால் யூனிட்டுக்குள் ஒரு ரிலே போயிருக்கலாம். இந்தச் சோதனையை லாக் ஒயரில் மட்டும் செய்யுங்கள். டேஷ்போர்டுக்கு அடியில் மஞ்சள் கப்ளர் கண்ணில் பட்டால் அது ஏர்பேக், அதன் பக்கமே டெஸ்ட் லாம்ப் போகக்கூடாது.

அறுந்த ஒயரை முறுக்கி டேப் சுற்றி ரப்பர் பூட்டுக்குள்ளேயே திணிக்காதீர்கள். மடியும் இடத்தில் போட்ட ஜாயின்ட் நிற்காது. நெளியும் தன்மை உள்ள பல இழை ஒயரை நீளமாக எடுத்து, ஜாயின்ட் ஒன்று கதவுக்குள்ளும் இன்னொன்று பாடிக்குள்ளும் வரும்படி சால்டர் செய்து ஸ்லீவ் போடுங்கள். நடுவில் கொஞ்சம் தளர்வு இருக்கட்டும்.

மோட்டாரைக் குறை சொல்லும் முன் ராடைக் கழற்றிவிட்டு நாபைக் கையால் ஏற்றி இறக்குங்கள். கையே தடுமாறினால் மோட்டார் என்ன செய்யும்? கிரீஸ் காய்ந்து தூசி ஏறிய லாக்கைச் சுத்தம் செய்து புது கிரீஸ் போட்டாலே பல மோட்டார்கள் பிழைத்துக்கொள்ளும். மோட்டாரைத் தனியாகச் சோதிக்க பேட்டரியிலிருந்து பியூஸ் போட்ட லைனை அரை நொடி தொட்டு எடுங்கள், பிறகு ஒயரை மாற்றித் தொடுங்கள். பிடித்துக்கொண்டே இருந்தால் காயில் எரியும். கதவுக்குள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஷீட்டை வேலை முடிந்ததும் திரும்ப ஒட்டுவது கட்டாயம். அது கிழிந்தால் மழைத்தண்ணீர் டோர் பேடுக்குள் இறங்கி ஊற வைத்துவிடும். கண்ணாடி பீடிங் தேய்ந்திருந்தால் மோட்டார் மேலேயே தண்ணீர் சொட்டும். அதையும் சொல்லிவிடுங்கள்.

எல்லா வண்டிக்கும் இது பொருந்தாது. முதல் தலைமுறை ஸ்கோடா ஆக்டேவியாவில் மோட்டாரும் ஸ்விட்சும் லாக்குக்குள்ளேயே இருக்கும். அந்த மைக்ரோ ஸ்விட்ச் போனால் கதவைத் திறந்தாலும் உள்விளக்கு எரியாது. பழைய மெர்சிடிஸ் டபிள்யூ 123-இல் கதவைப் பூட்டுவது கரண்டே இல்லை, வாக்குவம். அங்கே ஒயரைத் தேடினால் நாள்தான் போகும், குழாய்க் கசிவைத் தேட வேண்டும்.

இனி கூலி விஷயம். கண்டுபிடிக்கச் செலவான நேரத்துக்குத் தனியாகக் கூலி கேட்கத் தயங்காதீர்கள். அதை வேலை தொடங்கும் முன்பே சொல்லுங்கள். ஒரு மணி நேரம் தேடி ஒரு ஒயரை ஒட்டிவிட்டு, "ஒயருக்கு எவ்வளவு?" என்று விலை போடுவதால்தான் செட்டு மாற்றுவதே லாபம் என்ற எண்ணம் கடைக்காரர்களுக்கு வருகிறது. வெட்டி எடுத்த ஒயரையும் கழற்றிய மோட்டாரையும் வாடிக்கையாளர் கையில் கொடுங்கள். உறைக்குள் செம்பு அறுந்திருப்பதை அவரே தொட்டுப் பார்த்தால் கூலியைப் பற்றிப் பேச்சே எழாது. புது செட்டு நிஜமாகவே தேவைப்படும் வண்டிகளும் உண்டு. தண்ணீர் புகுந்து யூனிட் பச்சை பூத்திருந்தால் அதையும் காட்டிவிட்டு மாற்றுங்கள்.

வண்டியை ஒப்படைக்கும் முன் எஞ்சின் ஓடும்போதும் நின்ற பிறகும், கதவைச் சாத்தியும் முழுக்கத் திறந்தும், சாவியிலும் இரண்டு ரிமோட்டிலும் பூட்டித் திறந்து பாருங்கள். ரப்பர் பூட்டை மடக்கிப் பிடித்தபடியும் ஒரு முறை பாருங்கள். எந்தக் கதவில் எந்த ஒயரை எந்த இடத்தில் ஒட்டினீர்கள் என்பதை ஜாப் கார்டில் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்து வையுங்கள்.