பயோடீசல் போட்டால் எவ்வளவு மிச்சம்? கணக்குப் பார்க்கும் வழி

பங்கில் டீசல் லிட்டர் 92 ரூபாய். பயோடீசலை 84 ரூபாய்க்குத் தருகிறேன் என்று ஒருவர் வருகிறார். மாதம் 2,000 லிட்டர் குடிக்கும் லாரி வைத்திருப்பவருக்கு மனசு உடனே கணக்குப் போட்டுவிடும்: லிட்டருக்கு 8 ரூபாய், மாதம் 16,000 ரூபாய் மிச்சம். உண்மையில் கையில் நிற்பது அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. ஏன் என்று படிப்படியாகப் போட்டுப் பார்ப்போம். இங்கே வரும் விலைகள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் ஊரின் இன்றைய விலையை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் படி: முழு விலையைக் கேளுங்கள்

டீசலுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. மத்திய கலால் வரி, மாநில வாட் வரி எல்லாம் பங்க் விலைக்குள்ளேயே அடங்கிவிடும். பயோடீசல் ஜி.எஸ்.டி.க்குள் வருகிறது. எண்ணெய் நிறுவனங்களுக்குக் கலப்பதற்காக விற்றால் ஒரு விகிதம், மற்றவர்களுக்கு விற்றால் வேறு விகிதம். விற்பவர் வாயால் சொல்லும் விலை வரி சேர்த்ததா, டிரம்மோடு உங்கள் ஷெட்டுக்கு வந்து இறங்கும் விலையா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். பில்லில் வரும் கடைசித் தொகைதான் விலை.

இரண்டாம் படி: கிலோமீட்டருக்கு மாற்றுங்கள்

இதுதான் முக்கியமான இடம். கலப்பில்லாத பயோடீசலில், அதாவது பி100-இல், ஒரு லிட்டருக்குள் இருக்கும் எரிசக்தி டீசலைவிட ஏறத்தாழ 8 சதவீதம் குறைவு. அதன் மூலக்கூறிலேயே ஆக்சிஜன் சேர்ந்திருக்கிறது. அது எரிய உதவுமே தவிர வெப்பம் தராது. எனவே டீசலில் லிட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓடும் வண்டி, பி100-இல் சுமார் 3.68 கிலோமீட்டர்தான் ஓடும்.

இப்போது வகுத்துப் பாருங்கள். டீசல்: 92 ÷ 4 = கிலோமீட்டருக்கு 23 ரூபாய். பயோடீசல்: 84 ÷ 3.68 = 22 ரூபாய் 83 பைசா. மிச்சம் 17 பைசா. மாதம் 8,000 கிலோமீட்டர் ஓடினால் சுமார் 1,400 ரூபாய். 16,000 எங்கே, 1,400 எங்கே!

ஒவ்வொரு முறையும் இவ்வளவு வகுக்க வேண்டாம். அன்றைய டீசல் விலையை 0.92-ஆல் பெருக்குங்கள். 92 ரூபாய்க்கு அது 84.64. பயோடீசல் அந்த விலைக்குக் கீழே கிடைத்தால்தான் பேச்சே தொடங்கும். ஜெனரேட்டர், பம்ப்செட் வைத்திருப்பவர்களுக்கும் இதே பெருக்கல்தான். கிலோமீட்டருக்குப் பதில் ஓடிய மணி நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

8 சதவீதம் என்பது பொதுக் கணக்கு. உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று அறிய, டேங்கை முழுதாக நிரப்பி, ஒரே ரூட்டில், ஒரே மாதிரி லோடோடு ஓட்டி, மறுபடி முழுதாக நிரப்பிப் பாருங்கள். அரை டேங்க் கணக்கு உதவாது.

கலந்து ஓட்டினால்?

டீசலில் 20 சதவீதம் பயோடீசல் கலந்தால் அது பி20. லிட்டர் 90 ரூபாய் 40 பைசா ஆகும், மைலேஜ் 1.6 சதவீதம் குறையும். கிலோமீட்டருக்கு 22.97 ரூபாய். 3 பைசா மிச்சம். இதற்காக யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

மூன்றாம் படி: பராமரிப்பைக் கூட்டுங்கள்

பயோடீசல் நல்ல கரைப்பான். பழைய வண்டியின் டேங்கிலும் குழாயிலும் வருடக்கணக்கில் படிந்த கசடையெல்லாம் கரைத்துக் கொண்டுவந்து ஃபில்டரில் அடைக்கும். எனவே தொடக்கத்தில் ஃபில்டரை அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும். அந்த 1,400 ரூபாய் முதலில் போவது அங்கேதான். பழைய ரகத்து ரப்பர் ஹோஸ், சீல் எல்லாம் பி100-இல் ஊறிக் கெட்டுப்போகும். பயோடீசலுக்கு ஈரத்தை இழுக்கும் குணமும் இருப்பதால் ஆறு மாதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று டிரம் டிரம்மாக அடுக்காதீர்கள்.

பி.எஸ்.6 வண்டி என்றால் இன்னும் கவனம் தேவை. புகைக்கரி வடிகட்டியைச் சுத்தம் செய்ய சில எஞ்சின்கள் கூடுதலாக எரிபொருளைப் பீய்ச்சும். அதில் ஒரு பகுதி எஞ்சின் ஆயிலில் இறங்கும். டீசலாக இருந்தால் சூட்டில் ஆவியாகிப் போய்விடும், பயோடீசல் எளிதில் போகாது. வண்டியோடு வந்த கையேட்டில் எத்தனை சதவீதம் வரை அனுமதி என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். வாரண்டி போனால் எந்த 17 பைசாவும் ஈடுகட்டாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. இன்றைய டீசலில் கந்தகத்தை எடுத்துவிட்டதால் வழவழப்பு குறைவு. சிறிதளவு பயோடீசல் சேர்ந்தாலே பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் நல்லது. புகையும் குறையும்.

நாமே செய்தால் மலிவாகாதா?

பலரும் கேட்கும் கேள்வி இது. புது எண்ணெயில் செய்வதை மறந்துவிடுங்கள். பாமாயிலே டீசலைவிட விலை அதிகம். பஜ்ஜிக்கடை, ஹோட்டல்களில் மிஞ்சும் பழைய எண்ணெய் ஒன்றுதான் வழி. லிட்டர் 55 ரூபாய்க்கு 100 லிட்டர் வாங்கினால் 5,500. எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கு மெத்தனால், 20 லிட்டருக்கு 1,000. பொட்டாஷ் காரம் 100, கழுவவும் சூடாக்கவும் 400, கூலி 600. மொத்தம் 7,600 ரூபாய். வடிகட்டி, கழுவி, நீரைப் பிரித்தபின் 90 லிட்டர் தேறினால் லிட்டர் 84 ரூபாய் 44 பைசா. நம் எல்லைக்கோடு 84.64! அடியில் தங்கும் கிளிசரினைச் சின்ன அளவில் யாரும் காசு கொடுத்து வாங்குவதில்லை.

செலவில் முக்கால் பங்குக்கு அருகே எண்ணெய்க்கே போவதைக் கவனியுங்கள். பயோடீசலின் விலை எண்ணெய்ச் சட்டியில்தான் முடிவாகிறது. எண்ணெய் திரும்பத் திரும்பக் காயும்போது உருவாகும் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதில் சமைக்கக் கூடாது என்ற உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி 2018-இல் நடைமுறைக்கு வந்தது. 2019-இல் பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள், பழைய எண்ணெயில் செய்த பயோடீசலை முதல் ஆண்டு லிட்டர் 51 ரூபாய்க்கு எடுத்துக்கொள்வதாக அறிவித்தன. சும்மா கிடைத்த பழைய எண்ணெய்க்கு இன்று கிராக்கி. பயோடீசலுக்காகக் காட்டாமணக்கு நட்டால் பணம் கொட்டும் என்று நம்பி இருபது ஆண்டுகளுக்கு முன் ஏமாந்தவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர். அவர்கள் இந்தக் கணக்கை எளிதில் புரிந்துகொள்வார்கள்.

மெத்தனால் நஞ்சு, தீப்பிடிக்கவும் செய்யும். தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் வாங்கவோ வைத்திருக்கவோ முடியாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயத்தில் கலந்து உயிர்களைக் குடித்தது இதுதான். வீட்டுக் கொல்லையில் செய்து பார்க்கும் வேலை இல்லை இது. தினமும் பெரிய அளவில் பழைய எண்ணெய் மிஞ்சும் ஹோட்டல்காரர் என்றால், பதிவு பெற்ற சேகரிப்பாளரிடம் விற்றுக் காசாக்குவதே லாபம்.

கடைசியாக, சந்தேகப்படுங்கள்

எல்லைக்கோட்டைவிட இரண்டு, மூன்று ரூபாய் குறைவு என்றால் நம்பலாம். டீசலைவிட 20, 25 ரூபாய் குறைவு என்றால் அது பெரும்பாலும் பயோடீசலே இல்லை. ஆலைகளுக்கான மலிவு எண்ணெயைப் பயோடீசல் என்ற பெயரில் லாரிகளுக்கு விற்றதைக் குஜராத்தில் அதிகாரிகள் பலமுறை பிடித்திருக்கிறார்கள். இன்ஜெக்டர் போனால் அதைத் திரும்ப வாங்கும் செலவு உங்களுடையது. ஐ.எஸ்.15607 தரத்துக்கான சோதனை அறிக்கையும் ஜி.எஸ்.டி. பில்லும் தராதவரிடம், எவ்வளவு குறைத்துச் சொன்னாலும் ஒரு லிட்டர்கூட வாங்காதீர்கள்.