முதியோர் இல்லம் இயங்குமாறு

முதியோர் இல்லம் என்றவுடன் பெற்றோரைக் கைவிட்டவர் கொண்டுபோய் விடும் இடம் என்று ஊரார் கூறுவர். அக்கூற்று எங்கணும் பொருந்தாது. பிள்ளைகள் கடல் கடந்து வாழ, இங்கே தனித்திருக்கும் தாய் தந்தையர் யாழ்ப்பாணத்தில் பலர். மணம் செய்யாதவரும், போரிற் பிள்ளைகளை இழந்தவரும் உளர். ஆதலின் பழிகூறுதலை ஒருபுறம் வைத்து, இத்தகைய இல்லம் இயங்குமாற்றை ஈண்டு நோக்குவாம்.

இலங்கையில் இதற்கு அடிப்படையாயுள்ளது முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம். முதியோருக்கான தேசிய சபை அதனால் அமைந்தது. ஐவருக்கு மேற்பட்ட முதியோரைத் தங்கவைத்துப் பராமரிக்கும் நிலையம் பதிவு செய்யப்படல் வேண்டும். தம்மைத் தாமே பேணவியலாத பெற்றோர் பிள்ளைகளிடம் பராமரிப்புப் பணம் கோரி முறையிடுதற்கும் அச்சட்டத்தில் வழியுண்டு. முறையிட மனம் வரும் தாய் எத்தனை பேர் என்பது வேறு கதை.

இல்லங்கள் யாவும் ஒரு தன்மையன அல்ல. கைதடியில் உள்ளது அரச இல்லம். சமய நிறுவனங்களும் அறநிலையங்களும் நடத்துவன உள. மாதந்தோறும் கட்டணம் பெறுவனவும் உள. எதுவாயினும் சேருமுன் தெளிய வேண்டியது ஒன்று. வருபவர் தாமே எழுந்து நடந்து, குளித்து, உண்ண வல்லரா? வல்லராயின் அவர்க்கு உணவும் துணையும் போதும். அல்லராயின் தூக்கவும் துடைக்கவும் ஊட்டவும் ஆள் வேண்டும். சில இல்லங்கள் முன்னவரை மட்டுமே ஏற்கும். இதனை வினவாது சேர்த்துவிட்டு, தந்தையார் படுக்கையில் விழுந்தபின் வேறிடம் தேடி அலைந்தவரை நாம் அறிவோம்.

பகற்பொழுது எப்படியும் நடந்துவிடும். தேநீர், குளியல், மருந்து, மதிய உணவு, பத்திரிகை என நேரம் போகும். பணியாளரும் இருப்பர், பார்க்க வருவோரும் இருப்பர். இல்லத்தின் தரம் தெரிவது இரவில். முதியோர் பலர் இரவிற் பன்முறை எழுவர். இருளிற் கால் தவறி விழின் இடுப்பெலும்பு முறியும். முறிந்தபின் முன்போல் நடமாடாதார் பலர். படுத்த படுக்கையாயிருப்பவரை ஏறக்குறைய 2 மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்தல் வேண்டும். தவறின் இடுப்பிலும் குதிக்காலிலும் தோல் சிவந்து படுக்கைப்புண் தோன்றும். அஃது எளிதில் ஆறாது. இனி, மாணவரே, ஒரு கணக்குச் செய்து பார்க்க. ஒருவரைத் துடைத்துப் புரட்ட 10 நிமிடம் எனக் கொள்வோம். 20 பேர் படுத்திருக்கும் கூடத்துக்கு 200 நிமிடம் வேண்டும். அதாவது 3 மணித்தியாலத்துக்கு மேல். இரவுப் பணிக்கு ஒருவரே இருப்பின் அவர் யாது செய்வார்?

பழைய மாணவர் நன்கொடை வழங்க முன்வரும்போது பெரும்பாலும் கட்டடமே கட்ட விழைகின்றனர். கட்டடத்திற் பெயர் பொறிக்கலாம். சம்பளப் பட்டியலிற் பொறிக்கலாகாது. நாம் குறை கூறவில்லை, கூரையும் வேண்டியதே. ஆயினும் இரவுப் பணிக்கு இன்னும் இருவரை அமர்த்த ஓராண்டுச் சம்பளம் எவ்வளவு என்று இல்லப் பொறுப்பாளரைக் கேட்டபின் காசோலை எழுதுவது நன்று.

எமக்கு இலக்கணம் கற்பித்த ஆசிரியர் ஒருவர் ஓய்வூதியத்திற் கட்டணம் செலுத்தி ஓர் இல்லத்தில் இருக்கிறார். காணச் சென்றோம். இடம் துப்புரவானது, உணவிலும் குறையில்லை. ஆனால் பணியாளர் வீடு செல்ல வேண்டுமென்று மாலை 5 மணிக்கே இரவுணவு கொடுத்து, ஆறரைக்கு விளக்கணைத்து விடுகின்றனர். பத்து மணிவரை வாசித்துப் பழகியவர் அவர். "நித்திரை வராது தம்பி, கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன்" என்றார். பொறுப்பாளரிடம் பேசினோம். மற்றவர் உறக்கம் கெடாதபடி சிறிய மேசை விளக்கொன்று வைக்க உடன்பட்டார். அதனையும் எமது கல்லூரி மலர் ஒன்றையும் கொடுத்துவிட்டு வந்தோம். அடுத்த முறை சென்றபோது, அம்மலரில் நாம் எழுதிய கட்டுரையின் சந்திப்பிழை நான்கினைச் சிவப்பு மையாற் குறித்து வைத்திருந்தார்.