தொழில் தொடங்கும் பயமும் 15 நாள் பாடமும்



சொந்தமாக ஒரு தொழில் செய்ய வேண்டும் என்ற ஆசை நம் மஹல்லாவில் பல வீடுகளில் இருக்கிறது. சபுரிலிருந்து ஊர் திரும்பியவர் ஒரு கடை போட நினைக்கிறார். கல்லூரி முடித்த பிள்ளை மொபைல் சர்வீஸ் தொடங்க விரும்புகிறான். வீட்டில் இருக்கும் சகோதரி புர்கா தைத்தோ, பலகாரம் செய்தோ சம்பாதிக்கலாம் என்று பார்க்கிறார். தொழில் தெரிகிறது, உழைக்க மனமும் இருக்கிறது. ஆனால் இந்த வருடம், அடுத்த வருடம் என்று காலம் ஓடிவிடுகிறது. காரணம் கேட்டால் பெரும்பாலும் வரும் பதில் ஒன்றுதான்: பயமாக இருக்கிறது.

நம் அறக்கட்டளைக்கு உதவி கேட்டு வருகிறவர்களிடம் நாம் இரண்டு நிலைகளைக் காண்கிறோம். ஒன்று, தொடங்கும் முன் வரும் பயம். போட்ட பணம் போய்விட்டால்? ஊர் என்ன பேசும்? மற்றொன்று, தொடங்கிய பின் வரும் திணறல். சரக்குக்காரருக்குப் பணம், கடை வாடகை, கரண்ட் பில், பிள்ளையின் பள்ளிக் கட்டணம், கடன் சொல்லி வாங்கிப் போனவர்கள் என்று எல்லாம் ஒரே நேரத்தில் நெஞ்சை அழுத்த, எதை முதலில் கவனிப்பது என்றே தெரியாமல் காலையில் கடை திறக்கவும் மனம் வராமல் போவது. இந்த மாதப் பாடம் இந்த இரண்டு நிலையில் உள்ளவர்களுக்கும் உரியது.

பயப்படுவது ஈமானின் குறைவா?

"அல்லாஹ்வின் மீது நம்பிக்கை இருந்தால் ஏன் பயப்படுகிறாய்?" என்று சிலர் எளிதாகக் கேட்டுவிடுகிறார்கள். கேட்கப்பட்டவர் அதன்பின் தன் பயத்தை யாரிடமும் சொல்வதில்லை. இந்தக் கேள்வி சரியானதல்ல. மூஸா (அலை) அவர்களை ஃபிர்அவ்னிடம் செல்லுமாறு அல்லாஹ் பணித்தபோது, அந்தப் பொறுப்பின் பாரத்தை அவர்கள் உணர்ந்தார்கள். தாஹா அத்தியாயத்தில் அவர்கள் கேட்ட துஆவைப் பாருங்கள். நெஞ்சை விரிவாக்கித் தரவும், காரியத்தை எளிதாக்கவும், நாவின் முடிச்சை அவிழ்க்கவும் கேட்டார்கள். அத்துடன் தம் குடும்பத்திலிருந்தே சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் துணைக்குக் கேட்டார்கள். அல்லாஹ் அவர்களைக் கண்டிக்கவில்லை, கேட்டதைக் கொடுத்தான்.

ஆகவே பயம் வருவது குற்றமல்ல. பயத்தை அல்லாஹ்விடம் சொல்வதும், காரியத்தை எளிதாக்கும் வழி தேடுவதும், துணை ஒன்றைக் கேட்பதும் நபிமார்களின் வழி.

ஒரு கோடரியின் வரலாறு

அபூதாவூத் நூலில் பதிவாகியுள்ள ஒரு நிகழ்ச்சியை நம்மில் பலர் பயான்களில் கேட்டிருப்போம். அதைத் தொழில் பாடமாக ஒருமுறை நிதானமாகப் பார்ப்போம்.

அன்ஸாரிகளில் ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் உதவி கேட்டு வந்தார். வீட்டில் எதுவுமே இல்லையா என்று நபி (ஸல்) அவர்கள் விசாரித்தார்கள். பாதியை உடுத்திப் பாதியை விரித்துக்கொள்ளும் ஒரு துணியும், தண்ணீர் குடிக்கும் ஒரு பாத்திரமும் உண்டு என்றார் அவர். அவற்றைக் கொண்டுவரச் செய்து, தம் கையாலேயே ஏலம் விட்டார்கள். ஒருவர் ஒரு திர்ஹத்துக்குக் கேட்டார். அதிகம் தருபவர் உண்டா என்று மீண்டும் கேட்க, மற்றொருவர் இரண்டு திர்ஹத்துக்கு எடுத்துக்கொண்டார்.

ஒரு திர்ஹத்துக்கு உணவு வாங்கிக் குடும்பத்துக்குக் கொடுக்கச் சொன்னார்கள். மறு திர்ஹத்துக்குக் கோடரி வாங்கிவரச் சொன்னார்கள். அதற்குத் தம் கையாலேயே பிடி போட்டுக் கொடுத்து, விறகு வெட்டி விற்கும்படியும், 15 நாட்களுக்குத் தம் கண்ணில் படக்கூடாது என்றும் கூறி அனுப்பினார்கள். அந்தத் தவணை முடிந்து அவர் வந்தபோது 10 திர்ஹம் சம்பாதித்திருந்தார். அதில் கொஞ்சத்துக்குத் துணியும் கொஞ்சத்துக்கு உணவும் வாங்கியிருந்தார்.

வந்தவர் எவ்வளவு கலங்கிய நிலையில் வந்திருப்பார்! அவருடைய கலக்கம் கையில் பிடிக்கக்கூடிய சிறு சிறு காரியங்களாகப் பிரிக்கப்பட்டது. நமக்கும் அதில் ஐந்து படிகள் உள்ளன.

1. இருப்பதை எண்ணுங்கள். முதல் கேள்வி வீட்டில் என்ன இருக்கிறது என்பதுதான். நாம் இல்லாததைத்தான் எண்ணுகிறோம்: ஏசி இல்லை, நல்ல இடத்தில் கடை இல்லை, பெரிய முதல் இல்லை. ஒரு தாளை எடுத்து இருப்பதை எழுதுங்கள். தையல் மெஷின், ஃப்ரிட்ஜ், டூவீலர், தெரிந்த கைத்தொழில், வேலை பார்த்த இடத்தில் கிடைத்த அனுபவம், உங்களை நம்பி வாங்கக்கூடிய பத்து வீடுகள். இவையெல்லாம் முதல்தான்.

2. வீட்டுப் பணத்தைத் தனியாக வையுங்கள். முதல் திர்ஹம் குடும்பத்தின் உணவுக்குப் போனது. அதன் பிறகுதான் கோடரி. சிறு தொழில் செய்பவர்களின் தூக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் இந்த இரண்டும் கலந்துவிடுவதுதான். கல்லாவிலிருந்து மளிகைக்கு எடுக்கிறோம், பிள்ளையின் ஃபீஸுக்கு வைத்ததைச் சரக்குக்குப் போடுகிறோம். கடைசியில் லாபமா நஷ்டமா என்றே தெரிவதில்லை. கணக்கு தெரியாத இடத்தில் பயம் பெரிதாகிறது. குறைந்தது சில மாத வீட்டுச் செலவை ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில்தான் தொழிலைப் பற்றி யோசிக்க வேண்டும்.

3. தாங்கக்கூடிய அளவில் தொடங்குங்கள். உதாரணமாக, காலையில் இடியாப்பம் விற்க நினைக்கும் ஒரு சகோதரியை எடுத்துக்கொள்வோம். பாத்திரமும் அடுப்பும் வீட்டில் இருக்கின்றன. மாவு, தேங்காய், கேஸ், பார்சல் கவர் என 15 நாள் செலவு 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றுகூட விற்காவிட்டாலும் போவது 6,000தான். நாலு நாள் விற்கவில்லை என்றால் அவரே நிறுத்திவிடுவார். அப்போது அந்த அளவுகூடப் போகாது. 'எல்லாம் போய்விடும்' என்று மனத்தில் சுற்றிக்கொண்டிருந்தது இப்போது ஒரு தொகையாகிவிட்டது. அதைத் தாங்க முடியுமா என்று குடும்பத்தோடு உட்கார்ந்து பேசலாம். மாறாக, மனைவியின் நகையை விற்று, கடைக்கு அட்வான்ஸ் கொடுத்து, போர்டுக்கும் அலங்காரத்துக்கும் செலவழித்த பிறகு முதல் வாடிக்கையாளரைத் தேடினால், அங்கே வரும் பயம் நியாயமான பயம்தான். அந்த நகை மனைவியின் சொத்து என்பதையும் கணவன்மார்கள் மறந்துவிடக் கூடாது.

4. தவணை வையுங்கள். வாழ்நாள் முழுவதையும் ஒரே இரவில் யோசிப்பதால்தான் திணறுகிறோம். அந்த அன்ஸாரித் தோழருக்குச் சொல்லப்பட்டது 15 நாட்கள். அந்த நாட்களில் அவர் செய்ய வேண்டியது விறகு வெட்டுவது, விற்பது மட்டும். நீங்களும் 15 நாள் என்று வைத்து, அதுவரை தினமும் 'விட்டுவிடலாமா?' என்று மனத்தைக் குடையாமல் வேலையைப் பாருங்கள். தவணை முடிந்ததும் கணக்குப் பார்த்துத் தொடர்வதா, மாற்றுவதா, நிறுத்துவதா என்று முடிவு செய்யுங்கள். கணக்குப் பார்த்து நிறுத்துவது அவமானம் அல்ல.

5. பிடி போட்டுத் தரும் கையைத் தேடுங்கள். கோடரிக்குப் பிடி போட அந்தத் தோழருக்குத் தெரிந்திருக்கலாம். ஆனாலும் நபி (ஸல்) அவர்களே போட்டுக் கொடுத்தார்கள். அதே தொழிலில் இருப்பவரிடம் போய்க் கேளுங்கள். சிறு தொழிலுக்கான உத்யம் பதிவை இணையத்தில் கட்டணமின்றிச் செய்யலாம். அதற்காக யாருக்கும் ஆயிரக்கணக்கில் கொடுக்க வேண்டியதில்லை. உணவுப் பொருள் விற்பவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும். இவற்றைச் செய்து பழகிய இளைஞர்கள் நம் மஹல்லாவிலேயே இருக்கிறார்கள். ஒரு மாலை உடன் உட்கார்ந்து உதவினால் அதுவும் பிடி போட்டுக் கொடுப்பதுதான்.

தொழில் தொடங்கியவர் திணறும் நாளில்

மனத்தில் உள்ள அத்தனையையும் தாளில் இறக்குங்கள். பிறகு மூன்றாகப் பிரியுங்கள்: இன்றே செய்ய வேண்டியது, இந்த வாரம் செய்ய வேண்டியது, நம் கையில் இல்லாதது. இன்றைக்கு உரியதில் ஒன்றை எடுத்து முடியுங்கள். கையில் இல்லாததை, அதாவது மழை, சந்தை விலை, எதிரே திறந்த புதுக்கடை இவற்றை, தொழுகைக்குப் பின் அல்லாஹ்விடம் ஒப்படையுங்கள். கையில் உள்ளதைச் செய்யாமல் ஒப்படைப்பது தவக்குல் ஆகாது. கையில் இல்லாததையும் நாமே சுமப்பதும் தவக்குல் ஆகாது.

கொடுக்கல் வாங்கலை எழுதி வையுங்கள். குர்ஆனின் மிக நீண்ட வசனம், பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம், கடனை எழுதுவதும் சாட்சி வைப்பதும் பற்றியது. சொந்தக்காரர்தானே என்று எழுதாமல் விட்ட தொகைதான் பின்னால் பணத்தையும் உறவையும் சேர்த்துக் கெடுக்கிறது. சரக்குக்காரருக்குச் சொன்ன தேதியில் கொடுக்க முடியாவிட்டால், அந்தத் தேதிக்கு முன்பே போய்ச் சொல்லுங்கள். போனை எடுக்காமல் இருப்பது பயத்தை வளர்க்கும்; நம்பிக்கையையும் அழிக்கும்.

இந்த நேரத்தில்தான் வட்டி கதவைத் தட்டும். போனில் சில நிமிடங்களில் பணம் தரும் ஆப், தண்டல், மீட்டர் வட்டி எல்லாமே கலங்கிய மனிதரைத்தான் தேடி வருகின்றன. ஹராம் என்பது ஒருபுறம். ஒரு வாரத்துப் பயத்தைத் தீர்க்கப் பல வருடத்துப் பயத்தை விலைக்கு வாங்குவதும் அதுதான். அந்தக் கதவைத் திறப்பதற்கு முன் குடும்பத்தாரிடமும், ஜமாஅத்திடமும், நம் அறக்கட்டளையிடமும் வாய் திறந்து சொல்லுங்கள்.

நபி (ஸல்) அவர்கள் அதிகமாகக் கேட்டுவந்த ஒரு துஆவை அனஸ் (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். கவலை, துக்கம், இயலாமை, சோம்பல், கோழைத்தனம், கஞ்சத்தனம், கடன் சுமை, மனிதர்களின் ஆதிக்கம் ஆகிய எட்டிலிருந்தும் பாதுகாவல் தேடும் துஆ அது. தொழில் செய்பவரின் மனத்தை அலைக்கழிக்கும் எல்லாமே இதில் அடங்கியிருப்பதைப் பாருங்கள். கவலை நம்மை முடக்குகிறது. முடங்கினால் கடன் ஏறுகிறது. கடன் ஏறினால் பிறர் நம்மை ஆள்கிறார்கள். இந்தத் துஆவை நம் பள்ளி இமாமிடம் கேட்டு மனனம் செய்து, சுபுஹுக்குப் பின் ஓதிவாருங்கள்.

இஸ்திகாராவும் மஷூராவும்

முடிவெடுக்கும் முன் இரண்டு ரக்அத் நஃபில் தொழுது இஸ்திகாரா துஆ ஓதுங்கள். கனவில் பதில் வரவேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. அது நிபந்தனை அல்ல. நன்மையானதை எளிதாக்கவும், தீங்கானதை விலக்கவும் அல்லாஹ்விடம் கேட்டுவிட்டு, விசாரித்து அடியெடுத்து வைப்பதே இஸ்திகாரா. அதோடு மஷூராவும் வேண்டும். குறிப்பாக, கணவன் மனைவியிடமும் மனைவி கணவனிடமும் மறைக்க வேண்டாம். முதல் வஹீ வந்து நடுங்கியபடி வீடு திரும்பிய நபி (ஸல்) அவர்கள், தமக்கு ஏற்பட்ட அச்சத்தைக் கதீஜா (ரலி) அவர்களிடம்தான் சொன்னார்கள். வணிகத்தில் அனுபவம் பெற்றிருந்த அந்த அன்னையார் அவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்களிடம் உள்ள நற்குணங்களை எண்ணிச் சொல்லித் தேற்றினார்கள். நம் வீடுகளிலும் இந்தச் சுன்னத் உயிர்பெற வேண்டும்.

ஒன்றை வலியுறுத்திச் சொல்கிறோம். வாரக்கணக்கில் தூக்கமின்மை, சாப்பாட்டில் விருப்பமின்மை, காரணமின்றி நெஞ்சு படபடப்பு, வாழ்வதில் என்ன பயன் என்ற எண்ணம் ஆகியவை இருந்தால் அது நோய், மருத்துவரிடம் செல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே மனநல ஆலோசனை பெறலாம். நோய்க்கு மருந்து தேடுவதும் மார்க்கம் சொன்னதே.

இந்த மாதம் செய்ய வேண்டியது

தொழில் எண்ணம் உள்ளவர்கள் வரும் ஜும்ஆவுக்குள் ஒரு தாளில் நான்கு வரி எழுதுங்கள்: வீட்டில் என்ன இருக்கிறது, வீட்டுச் செலவுக்கு எவ்வளவு ஒதுக்குகிறோம், எவ்வளவு போனால் தாங்க முடியும், முதல் 15 நாளில் என்ன செய்யப் போகிறோம். அந்தத் தாளோடு நம் அலுவலகத்துக்கு வாருங்கள்; சேர்ந்து பார்ப்போம். ஏற்கெனவே தொழிலில் காலூன்றிவிட்டவர்கள், புதிதாகத் தொடங்கும் ஒருவருக்குப் பிடி போட்டுக் கொடுக்க முன்வாருங்கள். அவரிடம் முதல் வியாபாரம் செய்பவர் நீங்களாக இருங்கள்; கடன் சொல்லாமல் வாங்குங்கள்.

வல்ல ரஹ்மான் நம் நெஞ்சங்களை விரிவாக்கி, காரியங்களை எளிதாக்கி, ஹலாலான ரிஸ்கில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.